வாய்தா கிடையாது

வக்கீல்கள் ஓடுவது ஒன்றும் புதிதல்ல. சப் கோர்ட்டிலிருந்து முன்சீப் கோர்ட்டுக்கு, அங்கிருந்து டைப்பிஸ்ட்டிடம், அப்புறம் ஸ்டாம்ப் வெண்டரிடம் என்று கறுப்பு கவுன் பறக்க ஓடுகிறவர்களை மதுரை ஜில்லா கோர்ட்டில் தினமும் பார்க்கலாம். என் அப்பா இதற்கெல்லாம் முன்னால், விடிகாலை ஐந்து மணிக்கே ஓர் ஓட்டம் ஓடி முடித்திருப்பார். யாரும் துரத்தாமலேயே!

காக்கி அரை டிராயர், வெள்ளை பனியன், கான்வாஸ் ஷூ. தல்லாகுளத்து வீட்டிலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானம் போய், நாலு சுற்று சுற்றித் திரும்புவார். எழுபதுகளில் ஒரு பெரிய மனுஷர் தெருவில் ஓடினால் ஒன்று பஸ்ஸுக்காக இருக்கும், அல்லது கடன்காரனுக்காக இருக்கும். டீக்கடைக்காரர் விடமாட்டார்.

"என்ன வக்கீலய்யா, திருடன் எந்தப் பக்கம் போனான்?"

"நான்தாம்ப்பா அவனுக்கு வக்கீல். தப்பிச்சுப் போகட்டும்னுதான் மெதுவா ஓடறேன்!"

அப்பாவின் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. அவருடைய ஹீரோவும் ஏறக்குறைய அதே அச்சு. பெயர் சிட்னி வூடர்ஸன். இங்கிலாந்துக்காரர், குள்ளம், கண்ணாடி, தொழிலும் சட்டம். 1937-ல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிஷம் 6.4 செகண்டில் ஓடி உலக சாதனை படைத்தவர். ஏதோ பழைய இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து வெட்டிய அவர் படம், அப்பாவின் சிவில் புரொசீஜர் கோட் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

அந்த மனிதரால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1938-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் எம்பயர் கேம்ஸ். வூடர்ஸன் போகவில்லை. காரணம், சட்டப் பரீட்சை! "உலக ரிக்கார்டு வெச்சிருந்த சிட்னியே பரீட்சைக்காக சிட்னிக்குப் போகலை. நீ கிரிக்கெட் மேட்சுக்காகப் பரீட்சையை விடறேங்கறே" என்பார். இதற்கு அப்பீல் கிடையாது.

ஜுரம் வந்து படுத்தாலும் அதே வூடர்ஸன்தான். 1944-ல் மூட்டுவாதக் காய்ச்சலில் மாசக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இனி ஓடுவதே சந்தேகம் என்றார்கள் டாக்டர்கள். 1946-ல் ஓஸ்லோவில் 5000 மீட்டர் ஓடி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். "அதனால கஞ்சியைக் குடி" என்று முடிப்பார் அப்பா.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வூடர்ஸனுக்கும் இடமில்லை, கட்சிக்காரர்களுக்கும் இடமில்லை. அந்த நேரம் எங்களுக்கு. ஒருமுறை மில் முதலாளி ஒருவர் கட்டுக்கட்டாய்ப் பேப்பரும் கனமான கவருமாக ஏழரை மணிக்கு வந்தார். சாப்பாடு முடிகிறவரை திண்ணையில் உட்காரச் சொன்னார் அப்பா. அவர் உட்காரவில்லை; வேறு வக்கீலைத் தேடிப் போய்விட்டார்.

"ஏங்க, நல்ல பீஸு..." என்று அம்மா இழுத்தாள்.

"கேஸ் இன்னொண்ணு வரும். பிள்ளைங்க எட்டு மணிக்குத் தூங்கிடுமே" என்றார்.

மதுரைக்கு ஹைகோர்ட் கிளை வந்தது 2004 ஜூலையில்தான். அதுவரை அப்பீல் என்றால் மெட்ராஸ். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், பகலெல்லாம் வாதாடி, அன்று ராத்திரியே ரயிலேறி விடுவார். ரூம் போடுகிற வழக்கமே இல்லை. விடிகாலையில் வந்து இறங்குகிறவர் அன்றைக்கும் ஓடப் போவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா நிஜமாகவே ஜெயித்த கேஸ் என்று நான் நினைப்பது கோர்ட்டுக்கே போகவில்லை. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. அக்காவுக்குக் கல்யாணமானது 1987-ல்.

அக்கா வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நிலத்தைப் பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என மூன்று பங்கு. மறுவாரமே தன் பங்கை அப்படியே அக்கா பேருக்கு செட்டில்மென்ட் எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டார்.

"உங்களுக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கலையேப்பா" என்று அக்கா அழுதாள்.

"சட்டம் தேதி பார்க்கும்மா. அப்பன் பார்ப்பானா?" என்றார்.

அறுபத்தைந்து வயதில் முழங்கால் மறுத்துவிட்டது. ஓட்டம் நடையானது, நடை, வாசல்படிவரை என்றானது. 2006 டிசம்பரில் வூடர்ஸன் 92 வயதில் இறந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிள்ளைங்க இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒரு பையன், ஒரு பெண் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

2011-ல் அப்பா போனார். கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, குமாஸ்தா ஒரு கோர்ட் டைரியை என்னிடம் நீட்டினார். வக்கீல் டைரி என்றால் வேறென்ன... கேஸ் நம்பர், கோர்ட், வாய்தா தேதி. நடுநடுவே சிவப்பு மையில் சில வரிகள். 'பெரியவன் ஸ்கூல் பீஸ் கடைசி நாள்.' 'சின்னவனுக்கு சைக்கிள்.' 'மகளுக்குப் பிரசவத் தேதி.' 'அவளுக்குக் கண் டாக்டர்.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள், 'வாய்தா கிடையாது.'

நிலம் பிரித்தபோது வராத சண்டை, அந்த டைரி யாருக்கு என்பதில் எங்கள் மூவருக்கும் வந்தது. அக்கா ஜெயித்தாள்.