ஈரக்கையும் தொடுதிரையும்

கரையில் இருப்பவன் கடலில் இருப்பவனுக்கு யோசனை சொல்லக் கூடாது என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார். கருக்களாச்சேரியில் பிறந்து, தமிழ் படித்து, கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்ட நாங்கள் அந்தச் சொல்லை ஒரு முறை மறந்துபோனோம். அதன் விளைவாக ஓர் இரவு முழுவதும் உறங்காமல் இருந்தோம். அந்த இரவைப் பற்றியும், அதன் பிறகு நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவை பற்றியும் நண்பர்களிடம் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் அண்ணனிடம் பழைய ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருந்தது. சிறிய திரை, அதன் கீழே தடித்த ரப்பர்ப் பொத்தான்கள். அது பழுதானபோது புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்றார். "அதற்கு எதற்குத் தனியாகப் பணம் அண்ணே? இந்தக் கைப்பேசியிலேயே வரைபடம், திசை, எல்லாம் இருக்கிறது" என்று சொல்லி, நல்ல கைப்பேசி ஒன்றை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். கரையில் அது அழகாகத்தான் வேலை செய்தது. அண்ணனும் மகிழ்ந்தார்.

பருவத்தில் கோடியக்கரையில் தங்கித் தொழில் செய்வது எங்கள் பக்கத்து மீனவர் பலருக்கும் வழக்கம். ஒரு தை மாதத்து இரவில் அண்ணனும் மூவரும் ஃபைபர் படகில் அங்கிருந்து தென்கிழக்கே போயிருந்தார்கள். காற்று ஏறியது, அலை படகுக்குள் அடித்தது. எங்கே இருக்கிறோம் என்று பார்க்க அண்ணன் கைப்பேசியை எடுத்தார். மறுநாள் அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "நான் ஒரு பக்கம் தொட்டா, அது இன்னொரு பக்கம் ஓடுது தம்பி. தொடாமலே தானா பெருசாகுது, சிறுசாகுது. தொடைக்கத் துணி தேடுனா, துணியும் உப்புத்தண்ணி."

இதைச் சிறிய தொல்லை என்று கரையில் இருப்பவர்கள் எண்ணலாம். 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய - இலங்கைக் கடல் எல்லைக்குத் தண்ணீரின் மேல் அடையாளம் ஏதும் கிடையாது. அதைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகு ஒன்றின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் எங்கள் மாவட்டத்து மீனவர்கள் காயமடைந்தார்கள். எல்லை எங்கே என்பதைக் காட்டும் திரை கைக்குப் பணியாமல் போவது அங்கே உயிர்ப் பிரச்சினை.

அன்று அண்ணன் கைப்பேசியை மூடி வைத்துவிட்டார். காற்றின் போக்கை வைத்து மேற்கே திரும்பி, கோடியக்கரைக் கலங்கரை விளக்கின் ஒளி கண்ணில் படும் வரை ஓட்டினார். விடிந்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. "உங்க போன் நல்ல போன்தான், ஆனா கரைக்கு" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் எங்களைச் சுட்டது.

அதன் பிறகே தொடுதிரை என்பது ஒரே பொருளின் பெயரன்று என்பதைப் படித்து அறிந்தோம். தொடுதலை உணரும் முறைகள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

இன்றைய கைப்பேசிகளில் இருப்பது மின்தேக்க முறை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் வலைபோல் பரவியிருக்கின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் அருகில் வந்ததும் அங்குள்ள மின்புலம் மாறுகிறது. திரை அந்த மாற்றத்தைத்தான் தொடுதல் என்று கொள்கிறது. அழுத்தம் தேவையில்லை, இரண்டு மூன்று விரல்களையும் ஒரே நேரத்தில் அறியும். ஆனால் உப்பு நீரும் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். எனவே கண்ணாடி மேல் பரவிய கடல்நீரைத் திரை விரலாக எண்ணிவிடுகிறது. அண்ணன் படகில் தானே ஆடிய படத்தின் மர்மம் இதுதான். நீரையும் விரலையும் பிரித்தறியும் உத்திகள் புதிய கருவிகளில் வந்திருக்கின்றன. சில மழைத்துளிகளை அவை சமாளிக்கலாம், அலையடிக்கும் படகில் அவற்றை நம்பி இருக்க முடியாது.

இதற்கு மாறானது மின்தடை முறை. மேலே வளையும் படலம், கீழே கண்ணாடி, இரண்டின் மீதும் மின்கடத்தும் பூச்சு, நடுவே நூலிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும், அந்த இடத்தைக் கருவி அறியும். அழுத்துவது ஈரவிரலா, கையுறையா, குச்சியா என்று அது கேட்பதில்லை. தொழிற்சாலை இயந்திரங்களில் இன்றும் இது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுவே. 2000களின் தொடக்கத்தில் கிராமத்து மக்களை மனத்தில் வைத்துப் பெங்களூரில் உருவாக்கிய சிம்ப்யூட்டரும் எழுதுகோலால் தொடும் திரை கொண்டதுதான். குறைகளும் உண்டு. படலம் கீறிப்போகும்; அடுக்குகள் ஒளியை மங்கச் செய்யும்; நண்பகல் வெயிலில் படிப்பது கடினம்.

எங்கள் வகுப்பறையில் உள்ள பெரிய பலகை மூன்றாம் வகை. சட்டத்தின் ஓரங்களிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரலோ பேனாவோ அவற்றை மறிக்கும் இடமே தொட்ட இடம். நிழலான அறைக்கு ஏற்றது. நேர் வெயிலும் ஓரத்தில் படியும் தூசியும் அதற்கு ஆகா. கண்ணாடியின் மேற்பரப்பில் மீயொலி அலைகளை ஓடவிட்டு, விரல் அவற்றை உறிஞ்சுவதைக் கொண்டு அறியும் நான்காம் வகையும் உண்டு. படம் தெளிவாகத் தெரியும் என்பதால் கூரைக்குள் நிற்கும் தகவல் இயந்திரங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு சொட்டு நீரும் அலையை உறிஞ்சிவிடும்.

இவற்றைப் படிக்கையில் ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது. எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டு எழுதினார்கள். மெய்யா, அகரமேறிய உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று முடிவு செய்யும் பொறுப்பு படிப்பவர் தலையில் விழுந்தது. எழுதும் பரப்பின் குறை எப்போதும் அதைப் பயன்படுத்துபவர் மீதுதான் இறங்குகிறது. வகுப்பில் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்த நாங்களே, அண்ணனுக்குக் கருவி வாங்கும்போது அதை எண்ணிப் பார்க்கவில்லை.

வல்லரசுக்கும் கடல் இதே பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். திசையையும் வேகத்தையும் தொடுதிரையால் இயக்கும் அமைப்பு மாலுமிகளைக் குழப்பியதும் ஒரு காரணம் என்று விசாரணை கண்டது. 2019இல் அந்தக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடுதிரைக்குப் பதிலாகக் கையால் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்புவதாக அறிவித்தது. அங்கே குற்றவாளி உப்பு நீரன்று. கண்ணை எடுக்காமலே கை உணரக்கூடிய பிடி அங்கே இல்லாமல் போனதும் ஒரு குறை.

தொடுதிரையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மீன் விற்கும் எங்கள் அண்ணி செதில் ஒட்டிய கையோடு கைப்பேசியைத் தொடுவதே இல்லை. வாங்குபவர் தம் உலர்ந்த விரலால் பணம் அனுப்புகிறார். வந்த தொகையை ஒலிப்பெட்டி உரக்கச் சொல்கிறது. அண்ணி தலையசைத்து மீனைப் பையில் போடுகிறார். அவரவர் கைக்கு ஏற்ற வேலையை அவரவர்க்குக் கொடுத்த ஏற்பாடு அது.

அந்தத் தையிலேயே அண்ணனுக்குப் பொத்தான் வைத்த ஜி.பி.எஸ். ஒன்று வாங்கினோம். இம்முறை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அண்ணன் கடைக்காரரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி, கையை முக்கி, இருட்டில் அமுக்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார். நாங்கள் பேசாமல் பக்கத்தில் நின்றோம்.