வலி சொல்லாத மாரடைப்பு

மாரடைப்பை வரவழைக்கும் காரணங்கள் வேறு, வந்தபின் உயிரைப் பறிக்கும் காரணங்கள் வேறு. புகை, சர்க்கரை, கொழுப்பு என்று எல்லோரும் ஒப்பிக்கும் பட்டியலை வைத்து, அவசரப் பிரிவில் படுத்திருப்பவர் பிழைப்பாரா என்று கணித்தால் தப்பாகிவிடும். புகைபிடிப்பவர்கள் மருத்துவமனையில் குறைவாக இறப்பதாகவே சில ஆய்வுகள் காட்டின. அவர்களுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வந்துவிடுவதுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது, இதயம் இப்போது எவ்வளவு தாங்குகிறது என்பதை. 1967இல் நியூயார்க்கில் கில்லிப், கிம்பல் என்ற இரு மருத்துவர்கள் 250 நோயாளிகளை, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டும் உடலைப் பார்த்தும் நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். இதயம் தளர்ந்த அறிகுறியே இல்லாதவர்களில் இறந்தவர்கள் 6 சதவீதம். ரத்த அழுத்தம் சரிந்து கைகால் சில்லிட்டவர்களில் 81 சதவீதம். சிகிச்சை எவ்வளவோ முன்னேறிய பிறகும், இறக்கும் அபாயத்தைக் கணிக்கும் இன்றைய கிரேஸ் மதிப்பெண்ணில் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் ஆகியவற்றோடு அந்த நான்கு வகுப்புப் பிரிவுக்கும் இடம் இருக்கிறது.

இந்த அடையாளங்களில் எதுவும் சத்தம் போடாது என்பதுதான் என் கவலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிப்பவரைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுகிறோம். "மூச்சு வாங்குது", "ஒரே அசதியா இருக்கு" என்று வரும் மூதாட்டி பெஞ்சில் காத்திருக்கிறார். 2000இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில், மாரடைப்பு உறுதியான 4,34,877 பேரில் மூன்றில் ஒருவருக்கு நெஞ்சுவலியே இல்லை. வலி இருந்தவர்களில் 9.3 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள், வலி இல்லாதவர்களில் 23.3 சதவீதம்.

அவர்கள் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதனால்தான் இறந்தார்கள் என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் வயதையும் மற்ற நோய்களையும் கழித்துக் கணக்கிட்ட பிறகும் அபாயம் இரு மடங்குக்கு மேல் நின்றது. அவர்கள் தாமதமாக வந்தார்கள். வந்த பிறகும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ அவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் கிடைத்தது. வலி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைத்தது. ஆக, நாம் 'அபாயக் காரணி' என்று எழுதுவதில் ஒரு பங்கு நம் கையால் நேர்வது.

மோசமான நிலையில் இருப்பவருக்குச் சிகிச்சை செய்து என்ன பலன் என்றொரு கேள்வியும் எழும். மாரடைப்பால் ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன 302 பேரை வைத்து நடந்த 'ஷாக்' ஆய்வில், அடைப்பை உடனே நீக்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 50.3 சதவீதம், முதலில் மருத்துவச் சிகிச்சையால் தாங்கிப் பிடித்தவர்களில் 63.1 சதவீதம். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; அந்தப் பிரிவில் இருந்தவர்கள் மிகச் சிலரே, அதைக் காட்டி எல்லா முதியவர்களையும் கைவிட முடியாது.

நெரிசலான அரசு மருத்துவமனையில் மூச்சிரைப்பு என்று வரும் ஒவ்வொருவருக்கும் எங்கே இ.சி.ஜி. எடுப்பது என்பார்கள். நெஞ்சுவலிக்காரருக்குப் பத்து நிமிடத்துக்குள் எடுக்கிறோம் அல்லவா, முதியவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் வலி இல்லாவிட்டாலும் அதே பத்து நிமிடம்தான். காத்திருக்கும்போதே உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கலாம், நாடியை எண்ணலாம். பிரஷர் 110 என்றால் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு நகராமல், வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று கூட வந்தவரிடம் கேட்க வேண்டும். எப்போதும் 160 இருப்பவருக்கு 110 என்றால், நாடியும் நூறைத் தாண்டியிருந்தால், அவர் ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டார்.