தீயால் பேணிய நிலம்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், ஃபிரீமான்ட் நகரின் ஓரத்தில் இருக்கிறது கயோட்டி ஹில்ஸ் பூங்கா. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர் அது. வருகிறவர்களில் பலர் குன்றேறி, உப்பளங்களையும் டம்பார்டன் பாலத்தையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். நான் போனது அடிவாரத்துச் சதுப்பு நிலத்தின் நடுவே வேலியிட்டிருக்கும் ஒரு மேட்டைப் பார்க்க. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

கிளிஞ்சலும் மீன்முள்ளும் அடுப்புச் சாம்பலும் சேர்ந்து உயர்ந்த மேடு அது. இந்த மண்ணின் பழங்குடிகளான ஓலோனி மக்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வாழ்ந்தார்கள். இறந்தவர்களையும் இங்கேயே புதைத்தார்கள். 1909இல் நெல்ஸ் நெல்சன் என்ற தொல்லியலாளர் வளைகுடாவைச் சுற்றி ஏறக்குறைய 425 மேடுகளைக் கணக்கிட்டார். அவற்றில் மிகப் பெரியது எமரிவில்லில் இருந்தது. 1924இல் தொழிற்சாலை கட்டுவதற்காக அதை இடித்தார்கள். இன்று அங்கே நிற்பது ஒரு வணிக வளாகம்.

மேட்டின் அருகில் கோரையால் வேய்ந்த ஒரு குடிசை இருக்கிறது. பழைய முறையில் இப்போது கட்டியது. இதே கோரையைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துப் படகு செய்து மீன்பிடிக்கப் போனார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைச் சேர்த்து, உலர்த்தி, உரலில் இடித்து, துவர்ப்புப் போகும்வரை மாவின்மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி வடிப்பார்கள். நீர் கசியாதபடி நெருக்கிப் பின்னிய கூடையில் மாவைக் கரைத்து, சுட்ட கற்களைப் போட்டுக் கிளறினால் கஞ்சி தயார். மண்பானை இல்லாத அந்தச் சமையலுக்குப் பின்னால் இருக்கும் அறிவை நினைத்து வியந்தேன்.

அங்கிருந்து வளைகுடாவைக் கடந்து, கடற்கரைச் சாலை வழியே தெற்கே, ஆன்யோ நுவேவோ வரை போனேன். அதையொட்டி இருக்கும் பள்ளத்தாக்கில் கிரோஸ்தே என்ற ஓலோனிக் குலத்தினர் வாழ்ந்தார்கள். 1769இல் போர்ட்டோலா தலைமையில் வந்த ஸ்பானியப் படை களைத்து, நோயுற்று இங்கே வந்து சேர்ந்தபோது உணவு கொடுத்தவர்கள் அவர்கள். படையோடு வந்த பாதிரியார் கிரெஸ்பி, வழியில் கண்ட எரித்த புல்வெளிகளைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அந்தத் தீயைத் திட்டமிட்டு வைத்தவர்கள் ஓலோனி மக்கள். விதை சேகரித்து முடிந்ததும் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். புதர் அடங்கும். அடுத்த மழைக்கு விதை தரும் புற்கள் செழிக்கும், இளம்புல் தேடி மான்கள் வரும். எரிந்த ஹேசல் செடி, கூடை முடையத் தோதாக நேரான குச்சிகளை விடும். ஐரோப்பியர் கண்டு வியந்த அந்தப் பசும்புல்வெளிகள் தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பேணியவை.

1793இல் ஸ்பானிய ஆளுநர் அர்ரியாகா தீ வைப்பதைத் தடை செய்தார். அதற்குள் ஓலோனி நிலத்தில் ஸ்பானியப் பாதிரியார்களின் மிஷன்கள் எழுந்திருந்தன. 1797க்குள் அவை ஏழாயின. மிஷன் கால்நடைகள் புல்லை மேய்ந்தன. மிஷனுக்குள் அடைபட்ட மக்கள் கட்டாய உழைப்பாலும் நோயாலும் மடிந்தார்கள். நிலத்தைப் பேணிய கைகள் நிலத்தைவிட்டு விலக்கப்பட்டன. 1925இல் ஆல்ஃபிரட் குரோபர் என்ற மானுடவியலாளர் இவர்கள் அழிந்துவிட்டதாகவே எழுதினார்.

அவர்கள் அழியவில்லை. மிஷன்களில் பிழைத்தவர்களின் வழிவந்த ஆமா முத்சுன் மக்கள், கிரோஸ்தே பள்ளத்தாக்கில் தொல்லியலாளர்களோடு சேர்ந்து ஆய்ந்தார்கள். அங்கே புல்வெளி நிலைத்ததற்கு மனிதர் வைத்த தீயே காரணம் என்பதற்குச் சான்றுகள் கிடைத்தன. இன்று அவர்களுடைய இளைஞர்கள் அங்கே புல்வெளியை மூடிவரும் மரங்களை வெட்டி, பழைய செடிகளை மீட்கிறார்கள். 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய பெருந்தீ அருகிலிருக்கும் சான்டா குரூஸ் மலைகளில் 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிய விடாமல் குவித்து வைத்த காய்ந்த புதரும் விறகும் இத்தகைய தீக்கு இரையாகின்றன. சிறு தீயைத் தடுத்தவர்கள் பெருந்தீயை வளர்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூங்காக்களில் நடக்கையில், நிலத்தைத் தொடாமல் விடுவதுதான் அதைக் காப்பது என்று நாம் பழகியிருக்கிறோம். ஓலோனி வாழ்க்கை கற்பிப்பது வேறு. எடுத்துக்கொள், எடுத்ததற்கு ஈடாக உழை. ஆகவே அவர்களிடம் பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதைப் பேணும் உரிமையையும் கொடுப்பதுதான். 2024இல் பெர்க்லி நகர மன்றம், கிளிஞ்சல் மேடு இருந்த 2.2 ஏக்கர் கார் நிறுத்துமிடத்தை பழங்குடிப் பெண்கள் முன்னின்று நடத்தும் சொகோரியா தே நில அறக்கட்டளைக்கு வழங்க வாக்களித்தது. தாரைப் பெயர்த்து, புதைந்த ஓடையைத் திறந்து, அந்த மண்ணின் செடிகளை நட வேண்டும் என்பது அவர்கள் கனவு.

வளைகுடாவின் கிழக்குக் கரையில் குடியிருப்பவர்கள் விருப்பப்பட்டுச் செலுத்த 'ஷூமி' என்ற நிலவரியையும் அந்த அறக்கட்டளை வைத்திருக்கிறது. வேலை தேடிப் போய் வீடு வாங்கி அந்த மண்ணில் வேரூன்றிய நம்மவர்களும் அதைச் செலுத்த வேண்டும் என்பேன். இது தானம் அல்ல. நாம் குடியிருக்கும் நிலத்தை ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் வளமாக வைத்திருந்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி.