கோவளம்: அலையேறும் குப்பம்

கோவளம் என்றதும் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். இது தமிழ்நாட்டுக் கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் முதலில் வரவேற்பது கருவாட்டு வாசனை. அடுத்ததாகக் கண்ணில் படுவது, சைக்கிளில் தன்னைவிட நீளமான பலகையை இடுக்கிக்கொண்டு கடலை நோக்கி விரையும் பையன்.

வார இறுதி இரண்டு நாளுக்கு இந்த ஊர் தாராளம். பார்த்தே தீர வேண்டிய பட்டியல் எதுவும் கிடையாது. அதுவே பெரிய நிம்மதி. வெள்ளி இரவு வந்து சேர்பவர்கள் ஞாயிறு மாலை திரும்பும்போது தோளில் வலியும் மூக்கில் உப்பும் மிச்சம்.

அலைச்சறுக்கு கற்க வருபவர்களைக் காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். காரணம் கண்டிப்பு அல்ல, காற்று. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்று அலையின் முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அதைக் கலைத்துவிடும். முதல் பாடம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுப்பது, கைகளால் துழாவுவது, ஒரே எட்டில் எழுந்து நிற்பது. கரையில் இது குழந்தை விளையாட்டு. இடுப்பளவு நீரில் அதே வித்தை வேறு கதை. நாற்பதைத் தாண்டிய கம்ப்யூட்டர் நிறுவன மேலாளர் பத்து தடவை கவிழ்ந்த பிறகு, பதினோராவது தடவை மூன்று விநாடி நின்றுவிட்டால் போதும். கரையில் இருக்கும் மனைவியிடம் போட்டோ எடுத்தாயா என்று கத்துகிறார். பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்.

கற்றுத் தருபவர்கள் இந்தக் குப்பத்துப் பிள்ளைகள். உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன் சிறுவயதில் மரப்பலகையை வைத்துக்கொண்டு அலையில் சறுக்கிப் பார்த்தவர். நண்பர்களின் கைகொடுப்பில் 2012-ல் இங்கே சர்ஃப் பள்ளி உருவானது. 2013-ல் அலையும் இசையுமாகத் திருவிழா தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ்கூட இந்த அலைகளுக்காக வந்திருக்கிறார். பள்ளியின் சட்டம் சுருக்கமானது: புகை கூடாது, மது கூடாது, சர்ஃபிங் மட்டும்தான். குடியால் குடும்பங்கள் குலைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வெறும் விளம்பர வாசகமல்ல.

யோசித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. அலை முறியும் இடத்தைக் கட்டுமரத்தில் கடந்து, வலை வீசி, அதே அலையின் முதுகில் கரையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்தக் கட்டுமரம்தான் ‘கட்டமரான்’ என்று உலக மொழிகளில் ஏறியது. சென்னைக் கரையோர மீனவர்களிடம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று ஒரு பெயர், எதிர்த்திசையில் வருவதற்கு வன்னி என்று வேறொரு பெயர். பயிற்சியாளர் கடலை ஒரு நிமிடம் வெறித்துவிட்டு ‘இன்னிக்கு அந்தப் பக்கம் போகலாம்’ என்று கைகாட்டும்போது, பின்னால் நிற்பது அந்தப் படிப்பு.

அந்தப் படிப்பு இல்லாதவர்களைத்தான் கடல் கொண்டுபோகிறது. இந்தக் கரை நெடுகிலும் குளிக்க வந்து மூழ்கியவர்கள் ஏராளம். கரைக்கு வந்த அலைநீர் மணல்திட்டுகளின் இடைவெளி வழியாகத் திரும்பவும் கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் அலை குறைவாக, தண்ணீர் சாதுவாகத் தெரியும். விவரமறியாதவர் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். இழுக்கும்போது கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைப்புதான் மிஞ்சும். பதறாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு திரும்ப வேண்டும். குடித்துவிட்டு இறங்குபவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

வெயில் ஏறியதும் ஊருக்குள் நடக்கலாம். தமீம் அன்சாரி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அவரது உடல் பேழையில் கடலில் மிதந்து வந்து இங்கே ஒதுங்கியதாக நம்பிக்கை. கொஞ்ச தூரத்தில் கார்மேல் மாதா தேவாலயம். 18-ஆம் நூற்றாண்டில் இது துறைமுகம்; நவாபின் கோட்டை இருந்தது. 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் 500 சிப்பாய்களோடும் 200 ஆங்கிலேயப் புது ஆட்களோடும் வந்தார். முதல் குண்டில் ஒருவன் சாக, மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்களாம். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தத்தில் காணாமல் போன காவலாள் பல மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டான். ஆனாலும் கோட்டை விழுந்தது. மகா வீரர்களின் வரலாற்றில் இப்படியும் சில பக்கங்கள்.

2021-ல் கோவளம் கடற்கரைக்கு ‘நீலக்கொடி’ சர்வதேசச் சான்று கிடைத்தது. சுத்தம், உயிர்காப்பாளர்கள், நீர்ப் பரிசோதனை எல்லாம் அதற்கான நிபந்தனைகள். நல்லதுதான். ஆனால் பயணிக்கு அது மணல்; மீனவருக்கோ படகு ஏற்றி நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் வேண்டிய தொழிற்கூடம். ஒருபுறம் கடல் அரிக்கிறது, மறுபுறம் சுற்றுச்சுவர்கள் நெருங்குகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகும் கடலைவிட்டு நகராத மக்களுக்கு, இடம் போய்விடுமோ என்பதே இப்போது பெரிய பயம். பலகை ஏறும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தால் சில வீடுகளில் சுமை குறைந்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் பலகை கிடைக்காது.

கிளம்புபவர்கள் மாதம் பார்த்துக் கிளம்புவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறியது, புதியவர்களுக்கு ஏற்றது. தென்கோடிப் பெருங்கடலில் கிளம்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து மே முதல் செப்டம்பர் வரை வந்து சேரும். தேர்ந்தவர்களுக்கு அது கொண்டாட்டக் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் முரடு. அப்போது பலகையைச் சாத்திவைத்துவிட்டு, சுடச்சுட வஞ்சிரம் வறுவலோடு திண்ணையில் உட்கார்ந்து மழை பார்க்கலாம்.