எதுக்கும்மா ரெண்டு இன்ஷூரன்ஸ்?

திருச்சியிலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் மகள். கல்விக் கடன் வாங்கியாயிற்று. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில். அப்பா ஒரு நோட்டில் ஒவ்வொரு செலவாக எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். விசாவுக்காக எடுத்த ட்ராவல் இன்ஷூரன்ஸும் அதில் ஒரு வரி.

“அதே மாதிரி ஒண்ணை ரெண்டு வருஷத்துக்கும் எடுத்துக்கலாமாம். மாசம் 30 யூரோதான். அந்த ஊர் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 120 யூரோவுக்கு மேல கேக்கறாங்க. எதுக்கும்மா ரெண்டு?”

அவள் பதில் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. ஆனால், அந்த நோட்டைப் பார்த்த பிறகு இன்னொரு செலவைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று இரவு, அங்கே படிக்கும் சீனியர் அக்காவுக்கு போன் செய்தாள்.

“விலையை மட்டும் பார்க்காதே. எதுக்குப் பணம் தருவாங்க, எதுக்குத் தர மாட்டாங்கன்னு பாரு. திடீர்னு விழுந்து கால் உடைஞ்சா ட்ராவல் இன்ஷூரன்ஸ் உதவும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு, தினமும் போடற மருந்துக்குப் பெரும்பாலும் தராது. யூனிவர்சிட்டியில சேர்ற வரைக்கும் அது போதும். அப்புறம் பொது ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல சேர்ந்துடு. 30 வயசுக்குள்ள இருக்கற ஸ்டூடண்டுக்குக் கட்டணம் குறைவு. பழைய நோயைக் காட்டி உன்னை மறுக்கவும் முடியாது.”

“வேணாம்னு சொல்லலாமாக்கா?”

“முதல் மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்து விலகலாம். ஆனா விலகிட்டா, படிப்பு முடியற வரைக்கும் அந்த ஸ்டூடண்ட் இன்ஷூரன்ஸுக்குத் திரும்ப முடியாது. நான் அப்படித்தான் மாட்டிக்கிட்டேன். தைராய்டு டெஸ்ட், மாத்திரை எல்லாம் என் கைக்காசு.”

காலையில் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைத் திறந்து, ‘மாடி ஒழுகல் ரிப்பேர்’ என்ற வரியை அடித்தார்.

“அடுத்த மழைக்குள்ள பார்த்துக்கலாம்.”

“அதுக்குள்ள எனக்கு பார்ட் டைம் வேலை கிடைச்சுடும்பா.”

ஜனவரிக் குளிரில் ஒரு ராத்திரி முழுக்க அவளுக்கு மூச்சு இழுத்தது. விடிந்ததும் டாக்டரிடம் போனாள். கார்டை வாங்கிப் பார்த்தார்கள். பில் எதுவும் வரவில்லை. மருந்துக் கடையில் இன்ஹேலருக்கு அவள் கொடுத்தது 5 யூரோ. மூச்சு சீரான பிறகுதான் வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள்.

“நல்லவேளைம்மா” என்றார் அப்பா. அம்மாதான் அழுதாள்.

அடுத்த கோடையில் இருவரும் மகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் ட்ராவல் இன்ஷூரன்ஸ் வேண்டும். இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பி வருபவர்களுக்கு அதுதான் சரி என்று மகளே சொன்னாள். கூடவே, அப்பாவின் சுகர் மாத்திரையையும் அம்மாவின் பி.பி. மாத்திரையையும் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு எடுத்துவரச் சொன்னாள்.

பாலிசி வந்த அன்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பாவே பொடி எழுத்துகளைப் படித்தார். உடனே மகளுக்கு போன் போட்டார்.

“பழைய வியாதிக்குத் தர மாட்டோம்னு ஆறாம் பக்கத்துல போட்டிருக்கும்மா. நீ பார்த்தியா?”