அக்கா மெழுகின சுவர்



போன மாசம் காசிமேட்டுல இருந்து எங்க அக்கா வந்து பத்து நாள் தங்கிட்டுப் போச்சு. ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, அக்காவுக்கும் மீன் வியாபாரம் இல்லை. ஆனா விருந்துக்கு வரலை. அப்பா வீட்டுச் சுவரை மெழுக வந்துச்சு.

பொன்னேரி பக்கம் எங்க ஊர். அப்பா கட்டினது ஒன்றரை அடி கனத்துல மண் சுவர். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி அம்மாவும் அக்காவும் சாணி கலந்த மண்ணால மெழுகி, கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பாங்க. அக்கா கல்யாணமாகிப் போச்சு, அம்மாவும் காலமானாங்க. மெழுக ஆள் இல்லைன்னு 2009-ல வெளிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசிட்டேன். பார்க்க மெத்தை வீடு மாதிரி இருந்துச்சு. எனக்குப் பெருமைதான்.

மண் சுவர் மழையில ஈரம் குடிக்கும், வெயில்ல விட்டுடும். சிமெண்ட் அதை விடலை. வெடிப்பு வழியா இறங்கின தண்ணி வெளியேற வழியில்லாம உள்ளேயே நின்னு ஊறிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை விட்ட மூணாம் நாள் மேற்குச் சுவர் அடியில குழைஞ்சு சாய்ஞ்சது. அந்த அறையில அன்னைக்கு யாரும் படுக்கலை, தப்பிச்சோம். சிமெண்ட் பலகை மாதிரி கிடந்துச்சு. பின்னாடி எல்லாம் களி.

"செங்கல், கம்பி, காங்கிரீட்டுன்னு போயிடலாம்க்கா"ன்னு போன்ல சொன்னேன். "முதல்ல எங்க வீட்டை வந்து பாருடா"ன்னுச்சு. போனேன். கடல் உப்புக் காத்துல கூரைக் கம்பி துருப்பிடிச்சு ஊதி, பூச்சு பேத்துக்கிட்டு விழுது. சோறு ஆக்கும்போது சட்டியைத் திறந்து வைக்கிறதில்லையாம். பேசாம திரும்பி வந்தேன்.

மாசியில கூரைக்கு முட்டுக் கொடுத்து வேலையை ஆரம்பிச்சோம். அடியில ரெண்டடிக்குக் கருங்கல். ஏரி வண்டல் மட்டும் போட்டா காயும்போது வெடிக்கும். அதனால மணல் பாங்கான செம்மண் சேர்த்து, உருண்டை பிடிச்சுக் காய வெச்சுப் பார்த்தோம். வெடிக்காத கலவைக்கு வைக்கோல் போட்டு, ஊற வெச்சு மிதிச்சோம். ஒரு படை ஒன்றரை அடி. விரலால அழுத்தினா அமுங்காத அளவுக்குக் காய்ஞ்ச பிறகுதான் அடுத்த படை. சாரல் படாம இருக்க இறவாணத்தை ரெண்டடி வெளியே நீட்டினோம். மத்த மூணு சுவர்லயும் சிமெண்டை உரிச்சாச்சு.

சித்திரை வெயில்ல அக்கா மெழுக உட்கார்ந்துச்சு. 62 வயசு. முதல் நாளே தோள்பட்டை வலி. "நீயும் கையை வைடா, அடுத்த வருஷம் என்னால ஆகாது"ன்னுச்சு. ஆம்பளை மெழுகறதான்னு தெருவுல சிரிச்சாங்க. எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் கை பழகிடுச்சு.

2009-ல மெழுக ஆள் இல்லைன்னு சொன்னேன் பாருங்க, நான் இருந்தேன்.