வீடு நெருங்கும் வேளையில்

திருயாத்திரை புறப்படுகிற நாளில் எல்லாரும் நல்லவர்களே. ஒருவர் பெட்டியை மற்றவர் சுமப்பார். சன்னலோர இருக்கையைக் கேளாமலே விட்டுக்கொடுப்பார். ஆறாம் நாள் மாலையிலும் அந்த நல்லெண்ணம் மிஞ்சுகிறதா என்பதே வினா. சென்ற ஆடி மாதம் எங்கள் பங்கிலிருந்து 42 பேர் மலையாள நாட்டுக்குப் போய் வந்தோம். அப்பயணத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் இங்கு எழுதுகிறோம்.

1957ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குத் தரைவழியாகப் பேருந்து வந்ததுண்டு. எங்களுடையது அத்தகைய சாகசம் அன்று. வாடகைப் பேருந்து ஒன்று. அதன் கூரைமேல் அண்டா, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, பாய்கள். பகலில் வழியோரச் சமையல். இரவில் ஏதேனும் ஒரு கோவில் மண்டபம். மலையாற்றூர் மலை ஏறி இறங்கினோம். ஜூலை 28ஆம் தேதி பரணங்கானத்தில் புனித அல்போன்சாவின் திருநாள். 1946இல் அதே தேதியில் மறைந்த அந்தக் கன்னியரின் கல்லறையில் செபித்துவிட்டு, மறுநாள் காலை பத்தனம்திட்டை, புனலூர் வழியாகத் திரும்பினோம்.

முன்னிருக்கையில் ஓர் ஆச்சி. செங்கோட்டைக்காரர். தாம் பிறந்தபோது அவ்வூர் திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது, 1956 நவம்பரில்தான் நம் பக்கம் சேர்ந்தது என்று வழியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தென்மலை தாண்டியதும் பதின்மூன்று கண் பாலம் தெரிந்தது. 1904இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. 2010இல் அந்த ரயில் நின்றது, 2018இல் அகல ரயில் வந்தது. சிறுமியாக அதில் போனபோது குகைக்குள் புகை சூழ்ந்ததை ஆச்சி விவரித்தார். பின்னிருக்கைகளில் கேட்பாரில்லை. அங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் தன் பையை எண்ணத் தொடங்கிவிட்டது.

மேற்கே கொட்டுமழை. ஆரியங்காவு கணவாயைக் கடந்தால் அதே மேகம் சாரலாகத் தேய்ந்துவிடுகிறது. ஈரத்தின் பெரும்பங்கை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்வதால் கீழ்த்திசைக்கு வந்து சேர்வது காற்றும் தூறலுமே. புளியரை எஸ் வளைவில் லாரிகள் வரிசையாக நின்றன. அங்கேயே இரண்டு மணி நேரம் கழிந்தது.

குற்றாலம் சேரும்போது இருட்டிவிட்டது. பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டி நீர் கொட்டிற்று. காவலர்கள் குளிக்க விடவில்லை. பிள்ளைகள் முகம் வாடிற்று. ஆயினும் 2024ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை நாம் எல்லாரும் அறிவோம். அந்தத் தடையை யாரும் குறை கூறவில்லை.

மீந்த அரிசியில் சோறு பொங்கி, துவையலோடு சாப்பிட்டானதும் பேச்சு எழுந்தது. ஊருக்கு இன்னும் மூன்று மணி நேரம்தானே, இப்போதே புறப்பட்டால் நள்ளிரவுக்குள் வீட்டில் படுக்கலாம் என்றனர் பலர். இன்னோர் இரவு தங்கினால் வண்டிக்கு ஒரு நாள் வாடகை கூடும். பொதுப்பணத்தில் மிஞ்சியிருந்ததோ ஆயிரத்துச் சொச்சம். ஒருவருக்குக் காலையில் மில் வேலை. நியாயங்கள் எல்லாம் நியாயங்களே.

அப்போது ஆச்சி எம்மைத் தனியே அழைத்தார்.

“சாமி, வண்டி ஓட்டுகிற பிள்ளை ரெண்டு தடவை கண் அசந்ததை நான் பார்த்தேன். மலையிலே ஒரு தடவை, செங்கோட்டையிலே ஒரு தடவை. நான் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தது எதற்கு என்று நினைத்தீர்கள்?”

ஓட்டுநரைத் தேடினோம். சக்கரத்தருகே குந்தி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். “ஓட்டிடலாம் சாமி” என்றார். மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று அவர் எண்ணியதாகவே தெரியவில்லை. தங்குவது என்று அறிவித்தோம். முணுமுணுப்பு எழாமல் இல்லை. மில்லுக்குப் போக வேண்டியவர் ஆட்டோ பிடித்துத் தென்காசி சென்று பேருந்து ஏறினார். வேறொருவர் அந்தக் கூடுதல் வாடகையை இன்றும் எம்மிடம் சொல்லிக் காட்டுகிறார்; காட்டட்டும்.

தென்காசியில் நமக்கு அறிமுகமான குருவானவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். அந்த ஐந்து கிலோமீட்டரும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆச்சி கதை பேசினார். உபதேசியார் வழக்கம்போல் தலைகளை எண்ணி, “போனவரைத் தள்ளினால் நாற்பத்தொன்று, சரி” என்றார். “ஓட்டுகிறவரும் கிளீனர் தம்பியும் தலை இல்லையா?” என்று ஆச்சி கேட்க, அவர் சிரித்துக்கொண்டே மறுபடி எண்ணினார்.

விடியுமுன் மழை ஓய்ந்தது. ஐந்தருவியில் தடை நீங்கியதாகச் செய்தி வரவே, பிள்ளைகள் வண்டியை நோக்கி ஓடினர். பின்னிருக்கையில் கால் நீட்டி, வாய் திறந்தபடி ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். ஒருவரையும் ஏற விடவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போய்க் குளித்துவிட்டு ஈரத்துண்டுகளோடு திரும்பினோம். அப்போதும் அவர் எழவில்லை. ஒன்பது மணிக்குத்தான் வண்டி நகர்ந்தது.